சும்மா கிடந்த கந்தோரை விற்ற கதை

ஆளில்லாத கட்டிடத்தில் ஆள் இருப்பதாகக் காட்டுவது சின்ன வேலை இல்லை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். நான் பதினொரு மாதம் செய்தேன். சம்பளம் இல்லை, லீவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டி வைப்போம். ஞாயிறும் திறந்தால்தான் சந்தேகம் வரும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

கட்டிடம் அப்பாவுடையது. திருகோணமலையில் சுங்கத்துக்குப் போகும் வீதியில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு மாடி. கீழே நீளக் கவுண்டர் போட்ட மண்டபம், மேலே பலகைத் தளம் போட்ட மூன்று அறைகள். கப்பலில் வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஒரு காலத்தில் ஏழு கிளாக்கர்மார் அந்தக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருந்தார்கள். யுத்தம் வந்தது, கப்பல் குறைந்தது. ஒருவர் கொழும்புக்குப் போனார், ஒருவர் கனடாவுக்குப் போனார், இன்னொருவர் எங்கே போனார் என்று அவர் வீட்டாருக்கே தெரியாது. கடைசியாகப் போனவர் தன் குடையைக்கூட மறந்து விட்டுப் போனார். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கந்தோரில் மிஞ்சியது அப்பா, நான், அந்தக் குடை.

எங்கள் வீதிக்கு அப்போது ஒரு சட்டம் இருந்தது, யாரும் எழுதி ஒட்டாத சட்டம். சும்மா கிடக்கிற கட்டிடம் கனநாள் சும்மா கிடக்காது. முதலில் வாசலில் இராணுவத்தின் நாலு மண்மூட்டை வரும். பிறகு முள்ளுக்கம்பி வரும். அதற்குப் பிறகு சொந்தக்காரர் தன் கட்டிடத்தை எட்டிப் பார்க்கவே அனுமதி கேட்க வேண்டும். மூலைக் களஞ்சியத்துக்காரர் கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போய் மூன்று கிழமையில் திரும்பி வந்தார். களஞ்சியத்து வாசலில் இராணுவச் சென்றி காவல் நின்றது. கலியாணச் சோறு செமிக்க முதல் கட்டிடம் போச்சே என்று அவர் எங்கள் கவுண்டரில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் நானும் அப்பாவும் நாடகத்தைத் தொடங்கினோம்.

எட்டரைக்கு எட்டு யன்னலையும் திறப்பேன். அப்பாவின் சைக்கிள் வாசலில் நிற்கும். மறதிக்காரக் கிளாக்கரின் குடை மேல்மாடிக் கம்பியில் தொங்கும். வீதியில் போகிறவர்களின் கண்ணில் படட்டும் என்று, நீலப் பூப் போட்ட ஒரு தேத்தண்ணிக் கோப்பையை மேல் யன்னல் விளிம்பில் வைத்தேன். பிறகு பழைய டைப்ரைற்றரின் முன் குந்தி அடிக்கத் தொடங்குவேன். என்ன அடிப்பது? ஒன்றுமில்லை. எனக்கு டைப் தெரியாது. கண்டபடி விரலைப் போடுவேன், சத்தம் வந்தால் சரி. கடதாசி விற்ற விலைக்கு அதையும் வைப்பதில்லை. கீழே அப்பா கவுண்டரில் இருந்து, காலாவதியான படிவங்களுக்கு முத்திரை குத்துவார். டக், டக் என்று உண்மையாகவே குத்துவார். நான் எட்டே முக்காலுக்கு வந்தால் முகத்தைச் சுழிப்பார்.

“நடிப்பெண்டாலும் நேரத்துக்கு வரவேணும், பிள்ளை.”

சிரிக்க வேண்டாம். எங்களுக்கு அந்தக் கட்டிடத்தை விட்டால் உலகத்தில் வேறு ஒன்றும் இருக்கவில்லை. கப்பல்துறை என்ற ஊரில் இருந்த வீடு சண்டைக்குள் அகப்பட்டு, கூரையும் கதவும் இல்லாமல் போயிருந்தது. நகரத்துக்குள், ரவுணில், ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்னறையில் நானும் அப்பாவும் ஒண்டியிருந்தோம். நல்ல சனங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய குசினியில் அவர்கள் சமைத்து முடித்த பிறகுதான் நான் அடுப்பு மூட்டலாம். என் மிளகாய்த்தூள் போத்தல் அவர்களுடைய அலுமாரியின் கடைசித் தட்டில், ஒரு மூலையில் இருக்கும். முப்பத்தொரு வயதில் ஒரு போத்தல் வைக்க இடம் கேட்டு நிற்பது எவ்வளவு எரிச்சல் என்று பொம்பிளைகளுக்குத் தெரியும். உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தேன். இரண்டு அறை, ஒரு கிணறு, கிழக்கே யன்னல் வைத்த குசினி. அந்த யன்னலைப் பார்த்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வீட்டுக்காரர் மாத முடிவு மட்டும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். கந்தோர் விற்றால் வீடு. கந்தோர் பறிபோனால் வீடும் இல்லை, குசினியும் இல்லை.

வாங்க ஆள் இல்லாமலும் இல்லை. ஒரு வியாபாரி வந்தார். வாங்கி, பெரிய பூட்டாகப் போட்டு, சமாதானம் வந்த பிறகு நல்ல விலைக்குத் தள்ளலாம் என்றார். அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “பூட்டி வைக்கிறதுக்கு நான் தரமாட்டன். இதில இருந்து வேலை செய்யிற ஆளுக்குத்தான்.” நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். அப்பா பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். அப்படியான ஒரு ஆள் யுத்த காலத்தில் துறைமுக வீதியில் எங்கிருந்து வரும் என்று நான் கேட்டேன். வரும் என்றார்.

வந்தா. அதுதான் கூத்து. வாங்க வந்த அம்மாவை அப்பாவே வாசலோடு கலைத்து அனுப்பிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் கீழே ஒரு புதுக்குரல் கேட்டது. புதுக்குரல் கேட்டால் நான் வேகமாக அடிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. விளாசினேன். ஐந்து நிமிடத்தில் குரல் போய்விட்டது. அப்பா மேலே ஏறி வந்து, ஆரோ ஒரு அம்மா விசாரிக்க வந்தவ, வடிவாகச் சமாளித்து அனுப்பிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நானும் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை நொத்தாரிசு வந்தார். அப்பாவின் பழைய கூட்டாளி, காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவர், அவரிடம்தான் ஆள் பார்க்கச் சொல்லியிருந்தோம். வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

“அண்ணை, கட்டிடத்தை வாடகைக்குக் குடுத்திட்டியளோ?”

“ஆர் சொன்னது?”

“நான் அனுப்பின டீச்சர் வந்து பாத்திட்டுப் போட்டா. மேல மூண்டு கிளாக்கர்மார் வேலை செய்யினம், முதலாளி பிஸி, ரெண்டு மணிக்குப் பிறகு வாங்கோ எண்டு நீங்கள்தானாம் சொன்னனீங்கள். ஆள் இருக்கிற கட்டிடம் தனக்கு வேண்டாமாம்.”

ஐயோ கடவுளே! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கேட்டவ, சும்மா கிடக்கிற கட்டிடங்களை இராணுவத்துக்குப் பட்டியல் எழுதுகிறவர்களின் ஆளாக்கும் என்று அப்பா பயந்திருக்கிறார். பயந்த மனுசன் ‘இல்லை’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று கிளாக்கர்மாரை எங்கிருந்து பிடித்தார்? அதில் ஒருவருக்கு மலேரியா என்றும் சொன்னாராம்.

“நல்லாத்தான் நடிச்சியள் அப்பா! நாடகத்துக்கு மேடை கட்டித் தாறன், போய் ஏறுங்கோ!” என்று கத்தினேன். அப்பா முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நொத்தாரிசு விளக்கினார். வாடகைச் சட்டம் அப்படி. உள்ளே இருக்கிற ஆளை எழுப்பவே ஏலாது. பிள்ளை, பேரப்பிள்ளை என்று பரம்பரையாக இருப்பார்கள். வாங்கினவர் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் ஆளில்லை என்று கிராம அலுவலரான விதானையாரிடம் ஒரு கடிதம் எடுத்துத் தந்தால் டீச்சரோடு திரும்பக் கதைக்கலாம் என்றார்.

அங்கேதான் முடிச்சு. சும்மா கிடக்கிற கட்டிடங்களின் பட்டியல் தயாரிக்கப்படுவதும் அதே விதானையாரின் அதே மேசையில்தான். ஆளில்லை என்று கடிதம் கேட்டால் கட்டிடம் பட்டியலில் ஏறும். ஆள் இருக்கிறது என்றால் டீச்சர் வாங்கமாட்டா. அங்காலும் போக ஏலாது, இங்காலும் போக ஏலாது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கோபத்தில் எனக்குப் பசி வராது.

டீச்சரைத் தேடி நானே போனேன். மூதூரில் தட்டெழுத்து, சுருக்கெழுத்துப் படிப்பித்த ஒரு முஸ்லிம் பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உடம்பு. சண்டை வந்து குடாவைக் கடந்து ரவுணுக்கு வந்து, ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்பது மெஷினை வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தா. வீட்டுக்காரருக்குச் சத்தம் பிடிக்கவில்லை, நாள்தோறும் முறுமுறுப்பு. தனக்கென்று ஒரு இடம் வேண்டும், யாருடைய முகத்தையும் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பதுதான் அவவுக்கு ஆசை. அவவுக்கும் ஒரு போத்தல் வைக்க இடம் இல்லை.

ஆனால் அவ என்னை நம்பவில்லை. “விக்கிற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் தங்கச்சி சொல்லுவாங்க. நான் என்ட காதால கேட்டன். மேல ஆள் அடிச்சிக்கிட்டு இரிக்கி.”

“அது நான்தான் டீச்சர்.”

“நீங்க என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்லை.”

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. விசர், பைத்தியம் என்று நினைத்திருப்பா. கள்ளனுக்குத் தேள் கொட்டினமாதிரி வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள், நான் மேலே வழக்கம்போல விளாசிக்கொண்டிருக்கிறேன், படியில் பலகை கிரீச்சிடுகிறது. திரும்பிப் பார்த்தால் டீச்சர். மூச்சு வாங்குகிறது, கையில் பாதி தின்ற கடலைச் சுருள். எதிரே கடலைக்காரரின் வண்டிலடியில் அரை மணித்தியாலம் நின்று கேட்டுவிட்டு, அப்பா நிமிர முதல் விறுவிறென்று ஏறி வந்திருக்கிறா.

“கைய எடுங்க! கைய எடுங்க!” என்று ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டா. “கடதாசி வைக்காம அடிச்சா உருளை என்னத்துக்கு ஆகும்? பாருங்க, குண்டும் குழியுமா இரிக்கி. கொலை இது!”

அவ உருளையைத் தடவித் தடவிப் பார்த்தா. பிறகு மெல்ல அவவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தா.

“கீழ நிண்டு கேக்கக்குள்ளயே சந்தேகம். கடதாசி இருந்தா சத்தம் அமுங்கும். இது வெறும் உருளையில படுற சத்தம். வரி முடிஞ்சா மணி அடிக்கோணும், நீங்க பாதியிலயே தள்ளிர்றீங்க, ஒரு மணியும் இல்ல. அரை மணித்தியாலமா ஒரு கடுதாசி உருவி எடுத்த சத்தமும் இல்ல. இருபது வருசமா இந்தச் சத்தத்தோடதான் நான் சீவிக்கிறன் தங்கச்சி. வேலை செய்யிற விரலையும் ஏமாத்துற விரலையும் எனக்குத் தெரியாதா?”

விதானையாரின் கடிதம் ஒன்றும் தேவைப்படவில்லை. என் கள்ள விரலே சாட்சி சொல்லிவிட்டது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சேலையை இடுப்பில் செருகினா, செருப்பைக் கழற்றினா, நடு அறைக்குப் போய் எம்பிக் குதித்தா. தொம்! கட்டிடமே அதிர்ந்தது. கீழே அப்பா “ஐயோ, ஷெல்!” என்று கத்தியது கேட்டது. மூன்று அறையிலும் மூலைக்கு மூலை குதித்துப் பார்த்தா. அவவின் உடம்பைத் தாங்கினால் ஒன்பது மெஷினையும் தாங்கும் என்பது அவவின் கணக்கு. பலகை ஒன்றும் அசையவில்லை. அப்பா அரக்கப்பரக்க மேலே ஏறி வந்தபோது டீச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னா: “ஐயா, மலேரியாக் கிளாக்கருக்குச் சுகமா?” அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வாங்குவதாக வாய்ச்சொல் ஆனது. ஆனால் உறுதி எழுதுவது ஒரு நாள் வேலையா? பழைய பதிவுகளைத் தேட வேண்டும், டீச்சர் மூதூரில் தன் காணி ஒன்றை விற்றுக்கொண்டு வரவேண்டும். குறைந்தது மூன்று கிழமை என்றார் நொத்தாரிசு. அந்த வாரமே விதானையார் வீதியில் என்னைக் கண்டு, சைக்கிள் செயினைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு சொன்னார்: “பிள்ளை, வாற வியாழன் பட்டியல் எழுதுற ஆக்கள் உங்கட வீதிக்கு வருகினம். இந்தமுறை மேல ஏறித்தான் பாப்பினமாம்.”

மேலே ஏறிப் பார்த்தால் என்ன இருக்கிறது? குண்டும் குழியுமான ஒரு உருளை, ஒரு கோப்பை, ஒரு குடை.

அன்று பின்னேரம் கவுண்டரைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் இருந்தோம். டீச்சர்தான் வாய் திறந்தா. “நான் புதன்கிழமையே மெஷினெல்லாம் கொண்டந்து வச்சிர்றன். வியாழக்கிழமை வகுப்பு இஞ்சதான்.”

நொத்தாரிசு பாய்ந்து எழும்பினார். “விசரோ உங்களுக்கு? உறுதி எழுத முதல் கதவுத் திறப்பைக் குடுக்கிறதோ? ஆளை உள்ள விட்டால் பிறகு எழுப்ப ஏலாது எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். நாளைக்கு இவ வாங்கமாட்டன், வாடகைக்கு இருக்கிறன் எண்டு சொன்னால் என்ன செய்வியள்?” பிறகு டீச்சரைப் பார்த்தார். “உங்களுக்கும்தான் சொல்லுறன். அவங்கள் கட்டிடத்தை எடுத்தால் உங்கட ஒன்பது மெஷினும் உள்ளுக்கை அகப்பட்டிடும்.”

சொன்னது அத்தனையும் சரி. ஒருவரை ஒருவர் நம்புவதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பன்னிரண்டு நாள் பழக்கம். டீச்சர் தன் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. நான் அப்பாவைப் பார்த்தேன். மனம் குசினி யன்னலில் நின்றது. குடுக்காதேங்கோ என்றும் சொல்லத் தோன்றியது, குடுங்கோ என்றும் சொல்லத் தோன்றியது.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “டீச்சர், வகுப்பு எத்தினை மணிக்குத் துடங்கும்?”

“எட்டரைக்கு, ஐயா.”

“திறப்பைக் குடு, பிள்ளை.”

புதன்கிழமை நடந்ததை நினைத்தால் இப்பவும் எனக்குக் கால் தரையில் நிற்காது. பதினாலு பொம்பிளைப் பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். ஒன்பது சைக்கிளின் பின்காரியரில் ஒவ்வொரு மெஷின், பழைய சேலையால் இறுக்கிக் கட்டி. மற்றவர்கள் மேசைகளையும் வாங்குப் பலகைகளையும் வண்டிலில் தள்ளி வந்தார்கள். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு சேலையையும் அவிழ்த்துக் காட்டி, திரும்பக் கட்டி, கூட்டமாகச் சிரித்துக்கொண்டு துறைமுக வீதியில் இறங்கினார்கள். அந்த வீதியில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை வருசம்! நான் வாசலில் நின்று ‘மெல்ல, மெல்ல’ என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனேன். அப்பா படியடியில் நின்று, ஏறுகிற ஒவ்வொரு மெஷினையும் துறைமுகத்தில் பெட்டி எண்ணுவதுபோலச் சத்தமாக எண்ணினார்.

வியாழன் காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஒரு இராணுவ அதிகாரி, இளம் வயது, கையில் கடதாசிப் பலகை. கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். பின்னால் இரண்டு பேர். மேலே ஒன்பது மெஷினும் முழங்கிக்கொண்டிருந்தன. வரி முடிய மணி அடிக்கிறது, கடதாசி உருவப்படுகிறது, டீச்சரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கிறது. அப்பா என்ன உளறப் போகிறாரோ என்பதுதான் என் பெரிய பயம். கிளாக்கர்மார் கதையைத் தொடங்கினால் காலில் மிதிப்பதென்று பக்கத்தில் போய் நின்றேன்.

“இஞ்ச என்ன நடக்குது?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பதினொரு மாதமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு உண்மை உடனே வரவில்லை. கடைசியில், “டைப்பிங் வகுப்பு” என்றார். அவ்வளவுதான். அப்படியே நின்றுவிட்டார்.

மேலே ஏறினார்கள். அதிகாரி ஒவ்வொரு மேசையாக நடந்தார், ஒரு பிள்ளையின் தோளுக்கு மேலால் குனிந்து அடித்ததை வாசித்தார். பிள்ளைகள் நிமிரவில்லை. டீச்சர் நிமிர விடவில்லை. பிறகு அவர் நேரே யன்னலடிக்குப் போனார். அங்கே என் நீலப்பூக் கோப்பை இருந்தது. அதைத் தூக்கினார். கோப்பை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம், சுற்றிலும் ஒரு விரல் தடிப்புக்குத் தூசி. உள்ளே ஒரு செத்த பூச்சி. அவர் தன் மொழியில் என்னவோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“எதிர்ச் சென்றியில நிக்கிற ஆக்கள் மாதக்கணக்கா இதைப் பாக்கினமாம். ஒருநாளும் இது இடம் மாறேல்லையாம். தேத்தண்ணி குடிக்காத ஆக்கள் எந்தக் கந்தோரிலயும் இல்லை எண்டு சேர் சொல்லுறார். அதுதான் பட்டியலில உங்கட கட்டிடத்தை முதலாவதா எழுதி வச்சவராம்.”

ஆள் இருக்கிறது என்று காட்ட நான் வைத்த கோப்பைதான், ஆளில்லை என்று பதினொரு மாதமாக வீதிக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! குடையை மாற்றி மாற்றித் தொங்கவிட்டேன், சைக்கிளை மாற்றி நிறுத்தினேன், இந்தச் சனியன் பிடித்த கோப்பையைத் தொட ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லையே! நாங்கள் இரண்டு பேரும் மட்டும் தனியே நின்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதிகாரி ஒன்பது மெஷினையும் இன்னொருமுறை பார்த்தார். பேனையை எடுத்துப் பலகையில் முதல் வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோப்பையை என் கையில் தந்துவிட்டு இறங்கிப் போனார். பக்கத்துக் கட்டிடத்துக்குப் போனார்கள், அங்கே பூட்டுத்தான் தொங்கியது. அந்தப் பூட்டை அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதை நான் யன்னலால் பார்த்தேன். சந்தோசத்துக்குள் அது ஒரு முள்ளாகக் குத்தியது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. டீச்சர் காணி விற்கவென்று மூதூருக்கு லோஞ்சுப் படகில் போனா. போன மறுநாளே கடலில் என்னவோ பிரச்சினை என்று லோஞ்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். மேலே பெரிய பிள்ளைகள் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார்கள். மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. நொத்தாரிசு வந்து, “நான் சொன்னனான்தானே” என்றார். அந்த ஒரு சொல் என்னைப் பிடித்து ஆட்டியது. மேலே ஓடிப்போய், “உங்கட டீச்சர் எங்க? கட்டிடத்தை அமத்திக்கொண்டு போய்ட்டாவோ?” என்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். ஒன்பது மெஷினும் ஒரேயடியாக நின்றன. ஒரு பிள்ளைக்குக் கண் கலங்கியது. இன்றைக்கும் நான் வெட்கப்படுகிற பேச்சு அது.

ஐந்தாம் நாள் முதல் லோஞ்சில் டீச்சர் வந்தா. நேரே கந்தோருக்கு. சேலை முழங்கால் வரை ஈரம், செருப்பு கையில், இடுப்பில் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டிய காசுப் பொதி. “நாலு நாளும் இறங்குதுறையிலதான் படுத்தன் தங்கச்சி. எந்த நேரம் லோஞ்ச் எடுப்பாங்களோ எண்டு.” நான் பிள்ளைகளிடம் பேசியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவ கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பைப் பிழிந்தா. “நானும் ரா முழுக்க நினைச்சன், நீங்க பூட்டை மாத்தி என்ட மெஷின எல்லாம் றோட்டில போட்டிருப்பீங்களோ எண்டு” என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது?

மறுநாள் நொத்தாரிசு உறுதியை வாசித்தார். கடைசியில் ஒரு வரி வந்தது: கட்டிடம் ஆட்கள் எவருமின்றி வெறுமையாக ஒப்படைக்கப்படுகிறது. மேலே ஒன்பது மெஷினும் இடி இடித்துக்கொண்டிருந்தன. நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, அது சும்மா ஒரு வழக்க வரி, விட்டுவிடலாம் என்றார். டீச்சர் விடவில்லை. “எழுதினா எழுதின மாதிரி நடக்கோணும்.” மேலே போய்க் கை தட்டினா. பதினாலு பிள்ளைகளும் படியிறங்கி வீதிக்குப் போனார்கள். டீச்சரும் திறப்பை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, நொத்தாரிசோடு போய் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டா.

உள்ளே நானும் அப்பாவும் மட்டும். ஒரு சத்தமும் இல்லை. பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டிடம் உண்மையாகவே வெறுமையாக இருந்தது, நாங்களும் நடிக்காமல் நின்றோம். அப்பா கவுண்டர் நீளத்துக்கும் ஒருமுறை கையை வைத்துக்கொண்டு நடந்தார். லாச்சியை இழுத்துத் திறந்து முத்திரையை எடுத்தார், பொக்கற்றில் போட்டார். பிறகு என்னவோ நினைத்துத் திரும்ப லாச்சிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

வாசலில் வைத்துத் திறப்பை டீச்சரிடம் கொடுத்தோம். “பிஸ்மில்லாஹ்” என்று வலது காலை வைத்து உள்ளே போனா. நாங்கள் மூலை திரும்ப முதல் பின்னால் மெஷின்கள் தொடங்கிவிட்டன. அப்பா மணியைப் பார்த்தார். “பத்து நிமிசம் பிந்திப்போச்சு” என்றார்.

மாத முடிவன்று உப்புவெளி வீட்டுக்குப் போனோம். மிளகாய்த்தூள் போத்தலை நடுத்தட்டில், நடுவில் வைத்தேன். கிழக்கு யன்னலால் வெயில் வந்து அடுப்பில் விழுந்தது. யாரையும் கேளாமல் அடுப்பு மூட்டினேன். நீலப்பூக் கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதில்தான் முதல் தேத்தண்ணி ஊற்றி அப்பாவுக்குக் கொடுத்தேன். அவர் நின்றபடியே குடித்தார். குடித்து முடித்து, பழக்கதோசத்தில், வீதிப்பக்க யன்னல் விளிம்பில் கோப்பையைக் கவனமாக வைத்து, வெளியிலிருந்து தெரிகிறதா என்று எட்டியும் பார்த்தார்.

“அப்பா, எடுங்கோ அதை!” என்று குசினிக்குள் இருந்து கத்தினேன். “கழுவி வையுங்கோ. இஞ்ச ஆக்கள் இருக்கினம்.”